ஈரம் பத்தொன்பது

ஓகுனுகி தோமியே
முப்பத்தோரு வருடம் நெல் எடை போட்டாள்.
பனி சன்னலை மூடிவிடும் ஊர்,
கூட்டுறவுக் கிட்டங்கி,
எடைச்சீட்டின் பின்பக்கம் கதை எழுதினாள்.
அதனால்தான் எந்தக் கதையும்
ஒரு உள்ளங்கையைத் தாண்டவில்லை.

மொத்தம் பதின்மூன்று.
வரப்பில் வளை தோண்டிவிட்டு
வளைக்கு ஒரு தரம் வரப்பிடம் மன்னிப்புக் கேட்கும் நண்டு.
மூடி தொலைத்த பானை,
வாய் மூடத் தெரியாமல்
வீட்டு ரகசியமெல்லாம் சொல்லிவிடுகிறது.
தராசிலிருந்து கழன்று விழுந்து
ஊர் ஊராக வேலை தேடும் ஏழு என்கிற எண்.
நாட்காட்டி அடிக்கும் அச்சகம் ஒன்று
மிச்சக் காகிதத்தில் இருநூறு பிரதி போட்டது.

ஒன்று என்னிடம்.
ஒரகடத்தில் ஆறு வருடம்
கார் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் நான்.
திருகாணி, முறுக்குவிசை,
தாமதத்துக்கு மிகவும் வருந்துகிறோம்;
என் ஜப்பானியம் அவ்வளவுதான்.
நாடு திரும்பும் பொறியாளர் ஒருவர்
மேசையைக் காலி செய்யும்போது கொடுத்தார்.
"என் அம்மா ஊர்க்காரி" என்றார்.
அடுத்த மாதம் என் மேசையும் காலி.

இப்போது நீடாமங்கலத்துக்குத் தெற்கே
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறேன்.
நானும் தராசடிதான், தோமியே.
நாற்பது கிலோ சிப்பம்.
ஈரம் பதினேழைத் தாண்டினால் எடுக்கமாட்டோம்.
தாளின் பின்பக்கம்
உன்னைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

நண்டு உடனே வந்துவிட்டது.
வெண்ணாற்றுக் கரையில் யாருக்கு நண்டை விளக்க வேண்டும்?
மாட்டிக்கொண்டது ஒன்பதாவது கதையில்.
இரவு முழுக்கப் பனி விழுகிறது,
ஷின் ஷின் என்று.
ஓசையே இல்லாததற்கு ஓர் ஓசை.
சலசல, படபட, நெறுநெறு,
நம் இரட்டைக்கிளவி ஒன்றுக்காவது
சும்மா இருக்கத் தெரிகிறதா?

தை கடைசி.
குவியலுக்குக் காவல் கிடந்தவர்களிடம்
மின்விளக்கடியில் வாசித்தேன்.
விடியலில் கூரை முறியும் இடம் வந்ததும்
தையல்நாயகி எழுந்து உட்கார்ந்தாள், நாலாம் வகுப்பு.
"பனி எப்புடி கூரைய ஒடைக்கும்?
பனி பட்டா சளிதான புடிக்கும்?"
எல்லோரும் சிரித்தார்கள்.
அங்கே பனி அப்படியில்லை,
பஞ்சு மாதிரி, ஆளுயரத்துக்கு என்று
நான் ஆரம்பிக்கும்போது
அவள் அப்பா வைரக்கண்ணு குறுக்கே வந்தார்:
"ஏன் ஒடைக்காது?"

பதினோரு நாளாக நிற்கிறது அவர் நெல்.
குத்தகை நிலம்.
பகலில் காய்ந்து பதினேழுக்கு இறங்கும்,
முறை வராது.
ராத்திரிப் பனியில் பத்தொன்பதுக்கு ஏறும்,
முறை வரும்.
"போன வருசமும் இதே கதை.
நெல்லு போவல, கைமரம் மாத்த காசு இல்ல.
ஐப்பசியில வுளுந்துச்சு.
மழை ஒடைச்சதுன்னு ஊர்ல சொல்லுறாங்க.
பனிதான் ஒடைச்சது. நீங்க படிங்க."

போன வருடப் பட்டியலில்
அவர் பெயர்மேல் கோடு போட்டது நான்தான்.
படித்தேன்.

முறிந்து கிடக்கும் கூரையிடம்
பனி கேட்கிறது: நான் அவ்வளவு கனமா?
கூரை சொல்கிறது:
உங்களில் யாருமே கனமில்லை.
ஒன்பதாவது கதை அங்கே முடிகிறது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தார்ப்பாய் மேல்
ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது.

ஷின் ஷின்னை அப்படியே விட்டுவிட்டேன்.
காலையில் அதிகாரியின் ஜீப் திரும்பியபோது
தையல்நாயகி உதட்டில் விரல் வைத்து
மற்ற பிள்ளைகளை அடக்கினாள்: "ஷின் ஷின்!"
அவர் டீக்கடைப் பக்கம் போனார்.
மானியில் ஒரு பிடி நெல் போட்டேன்.
பத்தொன்பது.

பேனா மூடியைக் கழற்றிவிட்டேன், தோமியே.
வைரக்கண்ணு என்னைப் பார்க்காமல்
சாக்குத் தைக்கிற ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
ஒன்று மட்டும் சொல்.
உன் தராசின் அந்த ஏழு
தானாகத்தான் கழன்றதா?