எழுநூற்றுப் பத்தடி

நோட்டு சிறியது, சட்டைப் பையில் அடங்கும்.
கிரீஸ் விரல் பட்ட பக்கங்களில்
ஊர்ப் பேர், அடி, அங்குலம்.
பேதுல். இருநூற்று நாற்பது. இரண்டரை இஞ்சு.
சாகர். நானூற்றெண்பது. புகை.
புகை என்றால் தண்ணீர் இல்லை.
ரிக் வண்டிக்காரர் பிள்ளைகளுக்கு
இதை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

வடக்கே மழை பிடித்தால்தான்
திருச்செங்கோட்டில் எங்களுக்கு அப்பா.
ரேடியோவில் மத்தியப் பிரதேசத்தில் கனமழை,
பாலங்கள் மூழ்கின என்று சொன்னால்
நானும் தம்பியும் கட்டிலில் ஏறிக் குதிப்போம்.
அம்மா அதட்டுவாள்,
அங்கேயும் சனங்க இருக்கறாங்கடா என்று.
அதட்டிவிட்டுப் போய்
எள்ளுருண்டைக்கு எள் களைவாள்.

மூன்று முறை சீயக்காய் தேய்த்த பிறகும்
அப்பாவின் காதிலிருந்து கல்மாவு வரும்.
ஒரு வருஷம் சிவப்பு. ஒரு வருஷம் சாம்பல்.
காதும் பாதிதான் கேட்கும்.
கம்ப்ரஸர் தின்ற மீதி.
"சோறு போதுமுங்க" என்பதையும்
கத்தித்தான் சொல்வோம்.
சண்டையோ என்று ஒருமுறை
ருக்குமணியக்கா காம்பவுண்டு மேல் எட்டிப் பார்த்தார்.
"சத்தமாச் சொல்லு அம்மிணி" என்பார் என்னிடம்,
நான் ரகசியம் சொல்லப் போகும்போதெல்லாம்.

அமைதியில் அவருக்குத் தூக்கம் வராது.
ரவைக்கு அம்மா கிரைண்டரை ஓடவிட்டுப் படுப்பாள்.
அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில்
இட்லி, இட்லி, இட்லி.

எட்டு வயதில் எனக்கு
இந்தூரிலிருந்து ஒரு கவுன் வாங்கி வந்தார்.
ஆறு வயதுக்காரி அளவு.
போட்டுக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்து நின்றேன்.
கை தட்டினார். அவருக்குத் தெரியவே இல்லை.

தொண்ணூற்றேழு ஆவணியில்
முதலாளி டீசல் காசுக்கு வண்டி கொடுத்தார்.
பொடக்காளியில், தேங்காய் எழுந்து நின்ற இடத்தில்,
மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டி.
தெருவே வேடிக்கை பார்த்தது, ஒறம்பரைகூட வந்திருந்தது.
முந்நூறுக்கு மேல் அம்மாவின் வளையல்.
ஐந்நூறுக்கு மேல் அம்மாவின் தோடு.
விடியும்போது,
முப்பத்தாறாவது ராடு பாதி இறங்கியிருக்க,
அப்பா கையைத் தூக்கினார்.
தலை முதல் கால் வரை வெள்ளையாய் நின்றவரைப் பார்த்துத்
தம்பி சிரித்தான். அப்பாவும் சிரித்தார்.
எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த பங்குனியில் காமாலை.
ராய்ப்பூருக்கு அந்தப்பக்கம் ஏதோ ஓர் ஊர்,
நோட்டில் அதன் பேர் இல்லை.
சப்போர்ட் லாரியில், பைப்புகளுக்கு நடுவே
ஐஸ் வைத்துக் கொண்டு வந்தார்கள்.
சின்னராசண்ணன் இரண்டு ராத்திரி கண் மூடவில்லையாம்.
தெருமுனையிலேயே இஞ்சினை அணைத்துவிட்டுத்
தூக்கி வந்தார்கள்.
அப்பா சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்தது
அந்த ஒருமுறைதான்.

செங்கோட்டுவேல், வயது முப்பத்து மூன்று.
எனக்கு இப்போது முப்பத்தாறு.
சங்ககிரியில் லாரி இன்சூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறேன்.
இறந்தவர் வயது என்ற கட்டத்தில்
எத்தனையோ முப்பத்து மூன்று எழுதியாயிற்று.
பேனா தயங்கும் என்று நினைத்திருந்தேன்.
தயங்குவதில்லை.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒன்று:
வீடு. எழுநூற்றுப் பத்து.
அதற்கு அப்புறம் எழுத நிறைய இடம் இருந்திருக்கிறது.
ஊரெல்லாம் புகை என்று எழுதிய கை
ஒரு கமாவோடு நிறுத்தியிருக்கிறது.

போன வாரம் வீட்டை இடித்துக் கட்ட வந்த அய்யாவு மேஸ்திரி
பொடக்காளியில் மூடி கிடந்த குழியைக் காட்டி,
"இதை மண்ணுப் போட்டு மூடிரலாமுங்களா,
எத்தனை அடிங்க?" என்றார்.

சொன்னேன்.
கலவை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
மேஸ்திரி ஓரடி பின்னால் போய்,
"ஏனுங்க இப்படிக் கத்தறீங்க?
எனக்குக் காது நல்லாக் கேக்குமுங்க" என்றார்.