பெயரில் மட்டும் வான்

இந்த ஆண்டு ஏரிப் பனி முன்னதாகவே உடைந்தது.
மின்னசோட்டாவில் அதற்கும் பந்தயம் உண்டு,
எந்த நாள், எந்த மணி என்று.
ஆர்விட் ஹௌகன் இருபது டாலர் ஜெயித்தான்.
அன்று சாயங்காலமே
அவன் குட்டையில் வந்து இறங்கின
பச்சைத்தலை வாத்துகள்.

குட்டை அவனே வெட்டியது.
சோளம் ஏறாத மூலை நிலம்,
வாத்துகளாவது வரட்டுமே என்று.
வந்தன. வருஷா வருஷம் வந்தன.
டெலோரஸ் சமையலறை ஜன்னலில்
எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்து வைப்பாள்.

குட்டையிலிருந்து முந்நூறு அடியில் கொட்டகைகள்.
உள்ளே வான்கோழி.
பெயரில் வான்,
தலைக்கு மேல் தகரம்.
பதினோரு வாரத்தில்
ஒரு தூறல்கூடப் படாத
பதினாலாயிரம் கழுத்துகள்.

வாசலில் சிவப்புக் கோடு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பூட்ஸ்,
அந்தப் பக்கம் வேறு பூட்ஸ்.
நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து
காலைத் தூக்கிக் கடக்க வேண்டும்.
யுலாலியோ ஒருநாளும் தவறியதில்லை.
உள்ளே போனதும் விசிலடிப்பான்.
பதினாலாயிரமும் ஒரே மூச்சில் பதில் சொல்லும்.
அவனுடைய ஒரே வேடிக்கை அது.

முதலில் காட்டிக்கொடுத்தது தண்ணீர் மீட்டர்.
நேற்றைக்கு இன்று பாதி.
பழுதாயிருக்கும் என்று தட்டிப் பார்த்தான் ஆர்விட்.
மறுநாள் காலை
யுலாலியோ விசிலடித்தான்.
மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
இன்னொரு முறை அடித்தான்.
பிறகு கோட்டைத் தாண்டி
பூட்ஸ் மாற்றாமல் ஓடி வந்தான்.

வெள்ளை உடுப்புக்காரர்கள் நுரை கொண்டு வந்தார்கள்.
நுரை என்றால் அதே நுரைதான்,
பாத்திரம் கழுவுகிற மாதிரி,
கழுத்தளவு,
பிறகு கழுத்துக்கு மேல்.
கொட்டகைக்குள்ளேயே மரத்தூள் கொட்டி
நீளநீளமாய்க் குவித்தார்கள்.
குவியலில் செருகிய வெப்பமானி
ஜுரக்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கப்பட்டது.
நூற்று முப்பது டிகிரி.
நல்லது என்றார்கள்.
சூடு ஏறினால் கிருமி சாகும்.

அன்றிரவு ஆர்விட் குட்டைக்குப் போனான்,
துப்பாக்கியோடு.
வேட்டைப் பருவம் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.
நிலா வெளிச்சத்தில் வாத்துகள்
ஒன்றின் கழுத்தில் ஒன்று செருகித் தூங்கின.
தும்மல் இல்லை, தள்ளாட்டம் இல்லை.
எச்சம் மட்டும், கரையெல்லாம்.
அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

வாத்தைச் சுடவில்லை.
வானத்தைச் சுட்டான்.
இரண்டு தோட்டா.

குட்டை முழுக்க எழுந்தது.
ஒரு வட்டம் அடித்தது, இன்னொரு வட்டம்,
கிழக்கே சாய்ந்து
ஒன்றரை மைலில் மெதுவாக இறங்கியது.
அங்கே லிண்ட்க்விஸ்ட் குட்டை.
லிண்ட்க்விஸ்டுக்குப் பதினெட்டுக் கொட்டகை.

ஒன்பதாம் நாள் ஃபோன் வந்தது.
டெலோரஸ்தான் எடுத்தாள்.
எல்லாம் கேட்டு, வைத்துவிட்டு,
ஜன்னலில் காலண்டரைக் கழற்றி
மடித்து இழுப்பறையில் போட்டாள்.

அது வாத்தால் வந்ததோ
தீவன லாரிச் சக்கரத்தில் வந்ததோ
குருவியோ, எலியோ, காற்றோ.
யாருக்குத் தெரியும்?
மாநிலத்திலிருந்து வந்த பெண்ணுக்கும் தெரியவில்லை.
பன்னிரண்டு பக்கப் படிவம் வைத்திருந்தாள்.
வைக்கோல் எங்கே வாங்கினீர்கள்?
யாரெல்லாம் வந்தார்கள்?
உங்கள் நாய் எந்தப் பக்கம் போகும்?
காட்டுப் பறவைகளைப் பார்த்தீர்களா?

பார்த்தேன் என்றான்.
எத்தனை என்றாள்.
நானூறு இருக்கும்.
இப்போது எங்கே?

ஆர்விட் தன் கையைப் பார்த்தான்.
டெலோரஸ் காபியை மறுபடி சூடாக்கப் போனாள்.

பறந்துவிட்டன என்றான்.
அவள் எழுதிக்கொண்டாள்.