எடைக்கு முன்

திண்டிவனத்தில் கிளம்பும்போதே
நாத்தனார் ஜெசிந்தா சொன்னாள்:
"கடலூர் வரைக்கும் ஓடினால் போதும்.
அதுக்கப்புறம் அது வண்டியில்லை, இரும்பு."
முதுநகரில் ஆள் பேசியாயிற்று. கிலோ இருபத்து நாலு.
ஆர்.சி. புத்தகத்தில் பேர் இருப்பவர்
பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஊரில் இருக்கிறார்.
கையெழுத்து மட்டும் தபாலில் வந்தது,
ஒன்பது வருஷத்தில் அவர் போட்ட ஒரே கடிதம்.

புதுச்சேரிக்குள் நுழையும் எண்ணமே இல்லை.
திருப்பம் தப்பியது நான்;
மற்றதை ஃபியட் முடிவு செய்தது.
வாய்க்கால் தாண்டியதும் ஆவி கக்கி,
சுஃப்ரேன் வீதியில்
காகிதப்பூ கொட்டிக் கிடந்த ஓரமாய்ப் பார்த்து
நின்றுவிட்டது.

எவ்வளவு சுத்தமான தெரு!
நேற்றுத்தான் உறை பிரித்த மாதிரி.
கடுகு மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை,
மர ஜன்னல் இமைகள் எல்லாம் ஒரே சாய்வில்.
நீலப் பலகையில் வீதியின் பேர் இரண்டு மொழியில்;
இரண்டையும் வாசிக்காமல்
அடியில் ஒரு நாய் தூங்கியது.
இத்தனை காலத்துக்கு ஒரு கீறல் இல்லை.
எங்கள் வீட்டில் தீபாவளிக்கு அடித்த சுண்ணாம்பு
பொங்கலுக்கு நிற்பதில்லை.

சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் வந்தார்.
"இங்கே நிறுத்தக்கூடாதும்மா."
"நிறுத்தலை சார், நின்னுது."
அந்த வித்தியாசத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று
அவர் யோசித்துக்கொண்டிருக்கையில்
கேமராப் பையன் ஒருவன் ஓடிவந்தான்.
பின்னால், கல்யாணம் ஆகப்போகும் இரண்டு பேர்.
"அக்கா, வண்டியை எடுத்துடாதீங்க.
சுவருக்கு அப்படியே பொருந்துது.
பத்து நிமிஷம். ஐந்நூறு தரேன்."

பெண் ஸ்டீயரிங்கில்.
மாப்பிள்ளை ஜன்னலில்.
"சாயாதீங்க தம்பி, துரு ஒட்டும்" என்றேன்.
சாய்ந்தான்.

நான் தண்ணீர் தேடிப் போனேன்.
கம்பிக்கதவு பாதி திறந்திருந்த வீடு.
உள்ளே வீடு இல்லை.
அந்த அழகான சுவர் மட்டும்
இரும்புக் குழாய் முட்டில் நின்றது.
அப்பால் பள்ளம், கம்பி, தூண்கள்,
வானம்.
முகப்பை வைத்துக்கொண்டு மிச்சத்தை இடிக்க
உத்தரவு வாங்கியிருக்கிறார்களாம்; விடுதி வருகிறதாம்.
சொன்னவன் ஒடிசாக்காரன், பிகாஷ்.
சிமெண்டுச் சாக்கில் உட்கார்ந்து
பொரியும் பச்சைமிளகாயும் தின்றுகொண்டிருந்தான்.
தெருவில் பார்த்த அதே ஜன்னலைப் பின்னாலிருந்து பார்த்தேன்:
கொக்கியில் அவன் பனியன் காய்ந்தது.

பெயிண்ட் வாளியில் தண்ணீர் பிடித்துத் தந்தான்.
நாலு தடவை கழுவின வாளி, அவனே கழுவினான்,
இருந்தும்
கடுகு மஞ்சள் ஒரு சாயல்.

ரேடியேட்டர் மடக்மடக்கென்று குடித்தது.
பையன் திரையைக் காட்டினான்.
படத்தில் வண்டி
எங்கோ நல்ல இடத்துக்குக் கிளம்புவது போலிருந்தது.
"அண்ணனுக்கு அனுப்பலாமா?" என்றாள் ஜெசிந்தா.
"நம்பர் வச்சிருக்கியா?"
"உன்கிட்டே இருக்கும்னு நெனச்சேன்."

அரியாங்குப்பம். சுண்ணாம்பாறு. கிருமாம்பாக்கம்.
பெண்ணையாற்றுப் பாலத்தில்
எதிர்க்காற்று கதவைப் பிடித்து ஆட்டியது.
இருவரும் பேசவில்லை.
கீழே சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது,
பின்னால் வந்த பால் வண்டிக்காரர் கை காட்டினார்.

முதுநகர்க் கடையில் நைனார் மரைக்கார்
எடைமேடையில் ஏற்றுமுன் குனிந்து
அடித்திருகைக் கழற்றினார்.
"தண்ணிக்கு விலை போட முடியாதும்மா."

எண்ணெய் குடித்துக் கறுத்த மண்ணில்
மஞ்சள் இறங்கியது.
சுவர் அளவெல்லாம் இல்லை,
ஒரு கைக்குட்டை அளவு.

முள் எண்ணூற்று அறுபதில் நின்றது.
கேமராப் பையனின் ஐந்நூறை நீட்டி,
இரண்டாய்ப் பிரிக்கச்
சில்லறை இருக்கிறதா என்று
மரைக்காரிடம் கேட்டாள் ஜெசிந்தா.