ஓடாத நிலையில்

கூட்டுறவுக் கடையின் வாசல் பலகையில்
பூனைக்குட்டிகளுக்கும் படகு வாடகைக்கும் நடுவே
பென்சிலில் எழுதியிருந்தது:
டிராக்டர். ஓடாது. இழுத்துப் போகிறவர் வரலாம்.

ஏப்ரல். ஃபியோர்டின் அந்தக் கரைக்குப்
பதினொரு மணிப் படகு.
அதே படகின் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறவன் நான்;
அன்று மட்டும் டிக்கெட் வாங்கி, மேல்தளத்தில் நின்று,
என் இன்ஜினை வேறொருவன் ஓட்டும் சத்தத்துக்குக்
குறை சொல்லிக்கொண்டே போனேன்.

குன்வோர் கொட்டகைக் கதவைத் தோளால் தள்ளினாள்.
ஆட்டுப்புழுக்கை வாடை, பழைய டீசல்.
கூரை ஓட்டையில் ஒழுகிய பனிநீர்
பானெட்டின் சிவப்பை ஒரே இடத்தில் தின்றிருந்தது.
மாஸே ஃபெர்கூசன். மூன்று சிலிண்டர்.
சீட்டின் மேல் மடித்த சாக்கு,
சாக்கில் ஒருவர் உட்கார்ந்து எழுந்த குழி.

"ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?
பேட்டரி கொண்டுவந்திருக்கிறேன்."
"இங்கே வேண்டாம்."
"ஓடவிட்டுப் பார்க்காமல் எப்படி..."
"இருபது வருஷம், அந்தச் சத்தம் வளைவில் திரும்பினதும்
உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினேன்.
ஐலிவ் போய் மூன்று குளிர்காலம் ஆச்சு.
நீ ஸ்டார்ட் பண்ணினால்
என் கை தானாகப் பானைக்குப் போகும்.
தண்ணீருக்கு அந்தப் பக்கம் போய்
என்ன வேணுமானாலும் செய்."

சரி. காதில்லாமல் வாங்க வேண்டும்.
ஆயில் குச்சியை உருவி மோந்தேன்.
கறுப்புதான்; பால் ஊற்றிய டீயாகவில்லை.
பிளாக்கின் ஓரம் நெடுக நகத்தை ஓட்டினேன்:
உறைபனி கீறியிருந்தால் துருக்கோடு இடறும்.
இடறவில்லை.
இன்ஜெக்டர்களைக் கழற்றி
துளைமேல் கட்டைவிரலை வைத்து
மறுகையால் விசிறியைச் சுற்ற,
முதலாவது விரலைத் தள்ளியது.
இரண்டாவதும் தள்ளியது.
மூன்றாவது, தூக்கத்தில் புரண்டு படுப்பவர்போல
கொஞ்சம் யோசித்துத் தள்ளியது.

விலை சொன்னேன். அவள் குறைத்தாள்.
நான் ஏற்றினேன். இப்படித் தலைகீழாக
ஒரு பேரம் படியக் கால் மணி நேரம்.
டிரெய்லரில் கட்டிப் படகில் ஏற்றியபோது
அவள் கரைவரை வரவில்லை.
சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் ஐந்து வாரம்.
டேங்கில் கோந்தாகிப்போன டீசல்.
ஒட்டிக்கொண்டு விடாத கிளட்ச் தட்டு.
காற்றுக் குழாயில் ஒரு சுண்டெலி,
கையுறையின் சுண்டுவிரல்போலக் காய்ந்து.
ஒரு வாஷருக்காக இரண்டு ஊர்ப் பழைய இரும்புக் கடை.
"இந்தக் காசுக்குப் புதுசே வந்திருக்கும்" என்றாள்
தங்கை யோருன். பொய்.
ஆனால் பெரிய பொய் இல்லை.

மே மாத மாலை.
எச்சில் விரலை உயர்த்தி,
காற்று அவள் பக்கமிருந்துதான் வருகிறது என்று
உறுதிசெய்துகொண்டு சாவியைத் திருப்பினேன்.
இரண்டு முறை இருமியது. வெள்ளைப் புகை.
பிறகு பிடித்துக்கொண்டது, கூரைத் தகரம் அதிர.

காற்றுக்குத்தான் கணக்குப் பார்த்தேன்.
தண்ணீர் சத்தத்தைத் தன் வழியில் கொண்டுபோகும் என்பதை,
பத்து வருஷம் தண்ணீரிலேயே கிடந்தவன்,
மறந்துவிட்டேன்.

போன் அடித்தது.
"மூன்றாவது தட்டுது" என்றாள்.
"வால்வு. அவரும் சரிபண்ணவே இல்லை."
அவளுக்குப் பின்னால் ஏதோ மூடி தட்டிக்கொண்டிருந்தது.
ஒரு காதில் வால்வு, மறு காதில் மூடி.
கொதிக்கிறதா என்று கேட்கவில்லை.
யாருக்கு என்றும்.

மறுநாள் கேஜ் தகட்டை நுழைத்து
ஒரு தலைமுடி அளவு இறுக்கினேன்.
தட்டுகிற ஒன்றைத் தட்டவிட்டு வைக்க
எனக்குத் தெரியாது.
இப்போது சுத்தமாக ஓடுகிறது,
யாருடையதோ போல.
அந்தக் கரையிலிருந்து அழைப்பில்லை.

மாலையில் அணைத்த பிறகும்
கொஞ்ச நேரம் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.
வெறும் தகரம். குளிர்கிறது.
சாக்கைக் கேட்டு வாங்கியிருக்கலாம்.