சிவப்புக் குமிழ்

கச்சான் தொடங்கி ஒன்பதாம் நாள்
ரெண்டு பேருக்கும் லீவு.
இவருக்கு மின்சாரசபை, எனக்கு ஆஸ்பத்திரி;
இரண்டும் ஒரே ஞாயிறில் ஆளை விடுவது
கிரகணம் பிடிக்கிற மாதிரி.

பிட்டும் பால்சுறா வறையும் ஒரு வாளியில்.
பட்டம் உரப்பையில்.
கற்பிட்டியில் ஆரோ வெள்ளைக்காரன்
அரை விலைக்கு விட்டுப் போனது:
ஒன்பது மீற்றர், மூன்று ஒட்டு.
ஒரு ஒட்டு எங்கள் பழைய குடைத்துணி.

ஓட்டமாவடி தாண்ட யதுஷன் சத்தி எடுத்தான்.
மாங்கேணி தாண்ட இன்னொருக்கா.
பனிச்சங்கேணிப் பாலத்தடியில் இறங்கியபோது
வாளியைத் திறக்க ஒருவருக்கும் மனமில்லை.

வானை வீதியைப் பார்க்க நிறுத்தச் சொன்னேன்.
"ஏனம்மா எங்க போனாலும்
திரும்பி ஓடுற மாதிரியே நிப்பாட்டுறீங்க?"
தர்ணிகா பிறந்தது அதற்கு ஆறு வருசம் பிறகு.
மண்ணில டயர் புதையும் என்றேன்.
பொய்யுமில்லை.

கடலில் இல்லை, களப்பில்தான்.
கச்சான் தரையிலிருந்து அடிக்கிறது,
கடலில் இறங்கினால் கொண்டே போய்விடும் என்று
சாப்பாட்டு மேசையில் கறிக்கரண்டியை வைத்து
நேற்றே விளங்கப்படுத்தியிருந்தார்.
இந்தக் காற்றில் உப்பில்லை.
வைக்கோல், மாட்டுச்சாணி, வெயில் தின்ற மண்.

நான்கு கயிற்றையும் மணலில் விரித்து
ஒவ்வொன்றாய் விரலால் தடவிப் போனார்.
பிறகு அண்ணாந்து பார்த்தார்.
கம்பி ஒன்றும் ஓடவில்லை.
தொழில் பழக்கம்.

பிள்ளையின் இடுப்புப்பட்டியில், வயிற்றுக்கு நேரே,
சிவப்பாய் ஒரு குமிழ்.
"ஏதும் பிழைச்சா இதத் தள்ளு மனே.
பட்டம் செத்திரும். ஒத்தக் கயிறு மட்டும் நிக்கும்."
காட்டச் சொன்னேன்.
டக்.
இன்னொருக்கா.
டக்.
மூன்றாம் தரம் அவளையே செய்யச் சொன்னேன்.
"வார்டு முழுக்க ஊசி குத்துற மனிசி" என்று
இவர் பகிடி தொடங்கி, என் முகம் பார்த்து
முடிக்காமல் விட்டார்.

நான் அறிந்த தண்ணியில்
தள்ள ஒன்றும் இருக்கவில்லை.
இருந்தது ஒரு வேப்பங்கிளை, என் வலக்கை.
இடக்கையில் இருந்ததைப் பற்றி
இவருக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறேன்,
கல்யாணத்துக்கு முதல் கிழமை.

முதலில் இவர் போனார்.
போனார் என்றால் இழுபட்டார்,
குப்புற, வாய் நிறையக் களப்போடு.
தோணியில் நின்ற இறால்காரத் தம்பி
வலையை விட்டுவிட்டுச் சிரித்தான்.
நாங்களும்.

மறுகா அவள்.
ரெண்டு மாதமாய்ப் பள்ளிக்கூட மைதானத்தில்
சின்னப் பட்டத்தோடு மல்லுக்கட்டியவள்.
பட்டம் எழும்ப, பலகை எழும்ப,
குடைத்துணி ஒட்டில் வெயில் ஊறித் தெரிய
கிண்ணை மரங்கள் வரைக்கும்
கோடு கீறிக்கொண்டு போனாள்.
யதுஷன் எண்ணினான். பத்தொன்பது.
இருபதில்
பட்டம் ஒருபக்கம் சாய்ந்து, நொந்து,
துணியாய் விழுந்தது.
கொக்குகள் எல்லாம் ஒரே தரம் கிளம்பின.

எப்படி அவ்வளவு தூரம் ஓடினேன் தெரியாது.
செருப்புகள் இரண்டும் சேற்றில்.
தொடையளவுத் தண்ணியில் எழுந்து நின்று
கையாட்டிக் கத்துகிறாள்:
"அம்மா! வேலை செய்யுது!"

ஒன்றும் பிழைக்கவில்லையாம்.
எனக்குக் காட்டத்தான் தள்ளினாளாம்.

அடிக்க ஓங்கிய கையால்
மூக்கைத் துடைத்துவிட்டேன்.

கிண்ணையில் சிக்கியதை இறால்காரத் தம்பிதான் எடுத்துத் தந்தான்.
துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
மழைக்கு நெல் மூட காணுமோ என்று கேட்டான்.
வாளியில் பாதிப் பிட்டு அவனோடு போனது.
ஒரு செருப்பு கிடைத்தது.
நாலு மணிக்குக் காற்று விழ, நாங்களும் வெளிக்கிட்டோம்.

இரவு, எல்லாரும் படுத்த பிறகு,
குழாயடியில் இடுப்புப்பட்டியைக் கழுவினேன்.
குமிழின் இடுக்கில் மணல்.
தள்ளினேன். டக்.
பூட்டினேன். தள்ளினேன்.
"என்ன சத்தம்?" உள்ளேயிருந்து இவர்.
"ஒண்டுமில்ல. மண் போகுதில்ல."
"காலையில பாப்பம், வா கா."
ஓம் என்றேன்.
டக்.