முப்பது நாள்

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
ப்ராங்க்ஸ், தேவாலய நிலவறை,
சூட்டுக்குழாய்கள் உறுமும் எழுபத்தைந்தின் பிப்ரவரி.
நாற்காலி பதினான்கு, வந்தவர்கள் பத்தொன்பது.
காப்பி தீர்ந்திருந்தது.

பொருள்: கருத்தடை அறுவைக்கு முன்
முப்பது நாள் காத்திருக்கச் சொல்லும் விதி.
இதில் பேச என்ன இருக்கிறதென்று
எங்கள் நிலை: எதிர்ப்பு
என்று வீட்டிலேயே தட்டச்சு செய்து வந்திருந்தேன்.

க்ரெட்சன் எழுந்தாள்.
மூன்று பிரசவம், மூன்று மருத்துவர்கள்.
புருஷன் கையெழுத்தோடு வா என்றார் ஒருவர்.
வயதைப் பிள்ளைகளால் பெருக்கு,
நூற்றிருபது வந்தால் கத்தியை எடுக்கிறேன் என்றார் இன்னொருவர்.
அப்போது வந்தது எண்பத்தேழு.
"கணக்கில் தோற்ற கருப்பை இது" என்றாள்.
சிரித்தோம்.

ஈரைதா சிரிக்கவில்லை.
தையல் ஆலையிலிருந்து நேரே வந்தவள்,
சட்டைக்கையில் நீல நூல்.
"என்னை யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை.
வலி எடுத்து ஆறாவது மணி.
காகிதம் ஆங்கிலத்தில்.
குழாயைக் கட்டுகிறோம் என்றார்கள்.
கட்டியதை அவிழ்க்கலாம் என்றல்லவா
நினைப்பாள் தைக்கிறவள்?
பெண் பிறந்தால் வைக்க ஒரு பெயர் வைத்திருந்தேன்.
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது."

குழாய்கள் உறுமின.

"அப்படியென்றால் நான் இன்னும் முப்பது நாளா?"
"ஆமாம். எனக்காக."

கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது
என்று எழுதினேன். கோழை.
நாலு பேர் கதவை அறைந்துவிட்டுப் போனார்கள்,
அதையும் எழுதவில்லை.

மூன்று கூட்டம் கழித்துத்தான்
எதிர்ப்பின் மேல் வெள்ளை மை பூசி
ஆதரவு என்று அடித்தேன்.
மை காயுமுன் அடித்துவிட்டேன்.
இரண்டு சொல்லும் தெரிகின்றன இன்றும்.

அந்த வசந்தத்தில் பதாகையை ஈரைதா தைத்தாள்.
பெறாதிருக்கும் உரிமை என்பது
எங்களிடம் ஏற்கெனவே இருந்த துணி.
பெறும் உரிமைக்கு இடம் போதவில்லை.
வேறு நிறத்தில் ஒரு முழம் ஒட்டுப்போட்டாள்.
காற்றில் அது ஒரு பக்கமாக இழுத்தது,
தூக்கியவர்களுக்குத் தோள்வலி.

விதி வந்தது.
க்ரெட்சன் காத்திருந்தாள்,
திட்டிக்கொண்டே, முப்பது நாளும்.

முப்பத்தொன்றாம் நாள்
அவள் அறுவை மேசையில் கிடந்தபோது
அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும்
சோறு ஊட்டித் தூங்கவைத்தவள் ஈரைதா.

கடைசிப் பெண்ணை
என்ன பெயர் சொல்லி அழைத்தாள் என்பது
எந்தக் குறிப்பிலும் இல்லை.