ஐம்பத்தெட்டு மில்லிமீற்றர்

ஒலுவில் வெளிச்சவீட்டடியில்
காற்றுக்குப் பறந்த மாப்பிள்ளையின் சால்வையை
எட்டிப் பிடிக்கையில் விழுந்திருக்க வேண்டும்.
கல்லிடுக்கு முழுக்கத் தேடினேன்.
இரண்டு நண்டு, ஒற்றைச் செருப்பு,
சோடா மூடிகள் ஏராளம்.
என் மூடி மட்டும் இல்லை.

கல்முனைக் கடையில் சொன்னார்கள்:
"ஐம்பத்திரண்டு இரிக்கி தங்கச்சி.
ஐம்பத்தெட்டு கொழும்பாலதான் வரணும்,
வெள்ளிக்குப் பிறகு பாருங்க."
கலியாணம் வியாழன்.
தவணையில் இன்னும் ஒன்பது பாக்கி.
வெளியில் ஆடிக் கச்சான்
சம்மாந்துறை வயல் தூசியெல்லாம் வாரிக்கொண்டு
கடலுக்கு ஓடுகிற அவசரத்திலும்
நின்று ஒருதரம்
என் லென்ஸைத் தடவிப் பார்த்தது.

துடைக்கக் கூடாது, கீறும்.
முகம் கவிழ்த்துப் பிடித்து ஊத வேண்டும்,
வாயால் அல்ல,
தம்பி மகனுக்குச் சளி இழுக்கிற
இறப்பர்க் குமிழால்.
பிறகு அவனுடைய காலுறையையே மாட்டிப் பார்த்தேன்,
நூல் உதிர்ந்தது.
பொலித்தீன் பைக்குள்
கண்ணாடி வியர்த்தது.
கடைசியில்
கழுவிக் காயவைத்த யோகட் கோப்பை,
அளவெடுத்துச் செய்ததுபோல்
டக்கென்று இருந்தது.
வனிலா வாசம் மட்டும் போகவில்லை.

நிந்தவூர் மண்டபத்தில் பெண்கள் பக்கம்
கெமராவோடு என்னை மட்டும்தான் விடுவார்கள்.
சின்னதுகள் சுற்றி நின்று சிரித்தன.
பெண் வருமட்டும்
கோப்பையைக் கழற்றாமல் இருந்தேன்.

ஸனூபா சாச்சியை
நாலு கலியாணமாக எனக்குத் தெரியும்,
முதுகாகவும் முந்தானையாகவும்.
கெமரா உயர்ந்தால்
தூணுக்கு அந்தப் பக்கம் போய்விடுவா.
ஏனென்று நான் கேட்டதில்லை,
வீட்டாரும் சொன்னதில்லை.
அன்றைக்கு
வட்டலப்பத் தட்டை வைத்துவிட்டு
நேரே வந்து
என் முன் கதிரையில் இருந்தா.

"மூடியா இரிக்கி?"
"மூடித்தான் சாச்சி."
"அப்ப எடு."

லென்ஸ் உள்ளுக்குள்
முன்னும் பின்னும் ஓடித் தேடியது,
பிடி கிடைக்கவில்லை.
கைக்கு மாற்றி அழுத்தினேன்.
அந்த நேரம் முழுக்க அவ
முந்தானையைத் தொடவேயில்லை.
கெமராவை நேராகப் பார்த்தா.
அந்தப் பார்வையைக்
கோப்பைக்கு இந்தப் பக்கமிருந்து
நான் மட்டும் கண்டேன்.

திரையில் பால் வெள்ளை.
நடுவில் கொஞ்சம் பச்சை கசிந்திருந்தது,
சாரியாக இருக்கலாம்,
மேடை பல்பாகவும் இருக்கலாம்.
வாங்கி, சரித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தா.
"நல்லா வந்திரிக்கி" என்றா.
பிறகு பெண் வந்தாள்,
கோப்பையைச் சட்டைப் பைக்குள் போட்டேன்,
எண்ணூறு படம் எடுத்தேன்.

வெள்ளி கழித்து மூடி வந்தது.
அல்பத்துக்கு வீட்டார் தெரிந்தெடுத்த பட்டியலில்
அந்தப் படம் இல்லை.
இரவு பத்து மணிக்கு ஒரு குரல்செய்தி:
"நானூற்றிப் பதினேழு, புள்ள.
பெரிசா.
சட்டம் போட்டு."

அக்கரைப்பற்று லாப் பொடியன்
இரண்டு தரம் அழைத்துவிட்டான்.
"இதில ஒண்டுமே விழல்லியே ராத்தா?"
விழுந்திரிக்கி தம்பி.
நிறம் கூட்டாதீங்க, வெட்டாதீங்க.
எட்டுக்குப் பன்னிரண்டு,
அப்படியே அடியுங்க.